சுக்கான் இல்லாத படகு

எங்கட பக்கம் படகைப் பற்றிப் பேச்சு வந்தால் முதல் கேள்வி "எத்தின ஹோர்ஸ்?" என்பதுதான். 8 என்றால் ஒரு தலையாட்டல். 15 என்றால் பரவாயில்லை. 40 என்றால் கேட்டவர் கொஞ்சம் தள்ளி நின்று படகை இன்னொருமுறை பார்ப்பார். அந்த எஞ்சினின் வாலில், தண்ணீருக்குள், கண்ணில் படாமல் சுற்றுகிற மூன்று இதழ்களைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. படகு எவ்வளவு வேகமாகப் போகும், எவ்வளவு மண்ணெண்ணெய் குடிக்கும், திருப்பினால் திரும்புமா என்ற மூன்றுக்கும் பாதிப் பதில் அந்த இதழ்களில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். எங்களில் ஒருத்தியின் அப்பா பாலமீன்மடுவில் படகு வைத்திருக்கிறார். 19 அடி பைபர் படகு, 25 ஹோர்ஸ் பவர் எஞ்சின். நாங்கள் எல்லாருமே அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். போன வருசம் அவர் 40க்கு மாறப் போவதாகச் சொன்னார். காசுக்கு வழி, மாமியின் கழுத்தில் கிடந்த சங்கிலி. அது அடகுக்குப் போவதற்கு முதல், இருக்கிற எஞ்சினிலிருந்து எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்தாயிற்றா என்று பார்த்துவிடுவோம் என்றுதான் நாங்கள் இறங்கினோம்.

ஆறும் ஆற்றுவாயும்

வெளியூர் வாசகர்களுக்காக இடத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். நாங்கள் அதை வாவி என்று எழுதுவோம், ஆறு என்று பேசுவோம். அகலமும் நீளமும் இருக்கிற அளவுக்கு ஆழம் இல்லை. பல இடங்களில் ஒரு ஆள் இறங்கி நிற்கலாம். வாவி கடலைத் தொடுகிற வாய் இரண்டு. வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. கடலுக்குப் போகிற சிறுபடகுகள் பல வாவிக்குள்தான் கட்டிக் கிடக்கும். தொழிலுக்குப் போவதென்றால் அந்த வாயைத் தாண்ட வேண்டும்.

அந்த வாய் ஒரு வருசம் இருந்த மாதிரி மறு வருசம் இருக்காது. வெயில் காலத்தில் கடல் மண்ணைக் கொண்டுவந்து அடைக்கும். மாரி பிறந்து வெள்ளம் ஏறினால் ஆற்றுவாய் தானாக உடையும், அல்லது வெட்டி விடுவார்கள். வாடைக் காலத்தில் உள்ளேயிருந்து தண்ணீர் தள்ள, வெளியிலிருந்து அலை மோத, இரண்டும் சந்திக்கிற இடத்தில் மண் திட்டுக்கு மேல் அலை உடையும். அங்கேதான் படகுகள் கவிழ்கிறவை. ஆழ்கடலில் புயலைத் தாங்கி வந்த மனிசன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆற்றுவாயில் போன கதைகளை நாங்கள் எல்லாரும் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

ஆக எங்கட படகு ஒரே பயணத்தில் பல வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆழமில்லாத வாவியில் மண்ணில் முட்டாமல் போக வேண்டும். ஆற்றுவாயில் இரண்டு அலைக்கு இடையில் சட்டென்று எழும்பிப் பாய வேண்டும். கடலில் நீண்ட தூரம் சிக்கனமாக ஓட வேண்டும். திரும்பி வரும்போது வலையும் மீனும் ஐஸும் ஏற்றிக்கொண்டு இதையெல்லாம் மறுபடி செய்ய வேண்டும். ஒரே புறொப்பெல்லர் இவ்வளவையும் ஒரே அளவு நன்றாகச் செய்யாது. எதற்கு முதலிடம் கொடுக்கிறோம் என்பதை நாங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். கடைக்காரர் தீர்மானிக்கக் கூடாது.

இரண்டு இலக்கம்

புறொப்பெல்லரின் குடத்தில், அதாவது நடுவில் உள்ள உருளையில், இரண்டு இலக்கங்கள் அடித்திருக்கும். முதலாவது விட்டம். சுற்றும்போது இதழ்களின் முனைகள் போடுகிற வட்டத்தின் அகலம். இரண்டாவது பிட்ச். இதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு ஸ்க்ரூ ஆணியை மரத்தில் முறுக்கினால் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று உள்ளே இறங்கும். புறொப்பெல்லரும் அப்படித்தான். தண்ணீர் மரம் மாதிரி இறுக்கமாக இருந்தால், ஒரு சுற்றில் அது எத்தனை அங்குலம் முன்னே போகுமோ அதுதான் பிட்ச். 13 என்று போட்டிருந்தால் ஒரு சுற்றுக்கு 13 அங்குலம். தண்ணீர் மரம் இல்லை, வழுக்கும். அந்த வழுக்கலை ஆங்கிலத்தில் ஸ்லிப் என்பார்கள். லேசான வேகப் படகில் அது 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும். பாரம் கூடக் கூட வழுக்கலும் கூடும்.

கணக்குப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று, கியர் அதைப் பாதியாக்குகிறது, புறொப்பெல்லர் 2500 சுற்று. 13 அங்குலப் பிட்ச் என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 49 கிலோமீற்றர். 11 அங்குலம் என்றால் 42. இதைப் பார்த்த உடனே எல்லாருக்கும் வருகிற எண்ணம், "அப்ப 13ஐப் போடு, 15 இருந்தா இன்னும் நல்லம்" என்பது. அங்கேதான் பொறி இருக்கிறது. அந்த 49 கிலோமீற்றர் எஞ்சின் 5000 சுற்றைத் தொட்டால்தான். பிட்ச் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் தள்ள வேண்டிய பாரமும் கூடும். பாரம் ஏறின படகில் எஞ்சினால் அந்தச் சுற்றைத் தொடவே முடியாது. சைக்கிளில் பெரிய கியரைப் போட்டுக்கொண்டு பாலத்து ஏற்றத்தில் மிதிக்கிற மாதிரி. கால் வலிக்கும், சைக்கிள் நகராது.

புறொப்பெல்லரின் சரித்திரத்திலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1836இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் திருகுப் புறொப்பெல்லருக்குக் காப்புரிமை எடுத்தார். தொழிலால் விவசாயி. முதலில் அவர் செய்தது இரண்டு முழுச் சுற்று வருகிற நீண்ட மரத் திருகு. 1837இல் லண்டன் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்க்கும்போது அது எதிலோ அடிபட்டுப் பாதி உடைந்து போனது. படகு நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக ஓடியது! கூட இருப்பதெல்லாம் கூடத் தள்ளும் என்பதில்லை என்று அந்த உடைந்த மரத்துண்டு காட்டிக் கொடுத்தது. எட்டு வருசம் கழித்து, 1845இல், பிரித்தானியக் கடற்படை திருகு பூட்டிய ராட்லர் கப்பலையும் பக்கச் சக்கரம் பூட்டிய அலெக்டோ கப்பலையும் முதுகோடு முதுகு கட்டி இழுக்க விட்டது. ராட்லர் மற்றதைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு போனது. கயிறு இழுத்தல் போட்டிதான், சித்திரை விளையாட்டு விழாவில் நடக்கிற அதே மாதிரி.

மாமாவின் எஞ்சினில் நாங்கள் பார்த்தது

மாமாவின் எஞ்சினோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடு வந்திருந்தது. பொலித்தீன் பையோடு அலமாரிக்கு மேல் கிடந்தது. கடலுக்கு ஒருநாளும் போனதில்லை. நாலு பேரும் ஒரு பின்னேரம் குந்தியிருந்து அதை வாசித்தோம். எங்களுக்குத் தேவைப்பட்ட வரி ஒன்றுதான். ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகினால் எஞ்சின் 4500க்கும் 5500க்கும் இடையில் சுற்ற வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பிட்ச் கூட, அதற்கு மேலே போனால் பிட்ச் குறைவு. உலகத்தில் எந்த அவுட்போட் எஞ்சினுக்கும் புறொப்பெல்லர் தெரிவு செய்வது இந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது. எல்லை மட்டும் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும்.

சுற்றை அளக்க ஒரு சின்ன மீற்றர் தேவை. பிளக் வயரில் கம்பியைச் சுற்றிவிட்டால் இலக்கம் காட்டுகிறது. தெரிந்த ஒரு கராஜிலிருந்து இரவல் வாங்கினோம். வெறும் படகில் ஓட்டிப் பார்த்தபோது 4800. நல்லம். மறுகா தொழிலுக்குப் போகிற மாதிரியே வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கான், மூன்று ஆள் என்று ஏற்றிக்கொண்டு ஓட்டினோம். 4200. முழு ஆக்சிலேட்டர், எஞ்சின் முக்குகிறது, அணியம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, படகு தண்ணீரில் ஏறி ஓடத் தொடங்க நேரம் எடுக்கிறது. பூட்டியிருந்தது 13.

பிட்சில் ஒரு அங்குலம் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும் என்பது பொதுவான கணக்கு. மாமாவின் நண்பர் ஒருவரிடம் அதே எஞ்சினுக்குப் பொருந்துகிற 11 அங்குலப் புறொப்பெல்லர் கிடந்தது. மாற்றிப் பூட்ட கால் மணித்தியாலம் போதும். ஊசியைக் கழற்றி, நட்டைக் கழற்றி, இழுத்தால் வந்துவிடும். பாரத்தோடு 4600, வெறும் படகில் 5200. இரண்டும் எல்லைக்குள். வெறும் படகின் உச்ச வேகம் கொஞ்சம் குறைந்ததை போன் காட்டியது. பாரத்தோடு வேகம் கூடியது. அதைவிட முக்கியம், நின்ற இடத்திலிருந்து எழும்புகிற நேரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வட்டம் அடித்துப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு நாளும் இந்த எஞ்சினுக்கு நெஞ்சு வருத்தம் எண்டெல்லோ நினைச்சன்" என்றார்.

எண்ணெய்க் கணக்கைச் சும்மா விட முடியாது. எங்கட பக்கம் சிறுபடகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 2022 ஓகஸ்ட் மாதம் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பல படகுகள் கரையிலேயே கிடந்தன. எட்டாத சுற்றுக்காக முழு ஆக்சிலேட்டரில் முக்கிக்கொண்டு ஓடுகிற எஞ்சின் எண்ணெயை வீணாகக் குடிக்கும், பிஸ்டனும் சீக்கிரம் தேயும். அந்த வருசம் நிவாரணம், மானியம், டோக்கன், கியூஆர் கோட் என்று எல்லாவற்றையும் பேசினோம். பிட்ச் பற்றி எவரும் பேசவில்லை.

பிடி திரும்பினால் படகு திரும்புமா

இனி எங்களுக்கே புதிதாகத் தெரிய வந்த விஷயம். அவுட்போட் படகுக்குச் சுக்கான் கிடையாது.

பெரிய கப்பலில் புறொப்பெல்லர் தள்ளும், அதற்குப் பின்னால் நிற்கிற சுக்கான் திருப்பும். இரண்டும் வேறு வேறு. எஞ்சினை நிறுத்தினாலும் கப்பல் ஓட்டத்தில் இருக்கும்வரை சுக்கான் ஓரளவு கேட்கும். அவுட்போட்டில் எஞ்சின் முழுதுமே திரும்புகிறது. புறொப்பெல்லர் எந்தப் பக்கம் தண்ணீரைத் தள்ளுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் கடையால் போகும். தள்ளல் இல்லை என்றால் திருப்பலும் ஏறக்குறைய இல்லை. பயத்தில் ஆக்சிலேட்டரை விட்டவன் அதே நொடியில் சுக்கானையும் விட்டவன்.

இதை ஆற்றுவாயில் வைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே வருகிற படகுக்கு அலை பின்னாலிருந்து வரும். அலை கடையாலைத் தூக்கும், அணியம் கீழே குத்தும், படகு அலையின் முகத்தில் சறுக்கத் தொடங்கும். அந்த நேரம் கடையால் ஒரு பக்கம் விலகினால் படகு அலைக்குக் குறுக்காகும். குறுக்கான படகை அடுத்த அலை புரட்டும். தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? அலைக்கு முன்னால் ஓட மாட்டார்கள். ஒரு அலையின் முதுகில் ஏறி, அது போகிற வேகத்துக்கே எஞ்சினைப் பிடித்து, அது உடைந்து முடிந்த பிறகு அந்த நுரைக்குப் பின்னால் உள்ளே வருவார்கள். அதற்கு நொடிக்கு நொடி ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைக்க வேண்டும். திருகின உடனே தள்ளுகிற புறொப்பெல்லர் அங்கே உயிர். முக்கி முக்கி எழும்புகிற புறொப்பெல்லர் அங்கே ஆபத்து. புறொப்பெல்லர் தெரிவும் திருப்பலும் இரண்டு தலைப்பு என்று நினைத்துத்தான் நாங்கள் தொடங்கினோம். ஆற்றுவாயில் அது ஒன்றே ஒன்றுதான்.

இன்னொரு தொல்லை காற்று. அலை நுரைக்குள்ளோ, வேகமான வளைவிலோ, மேலிருந்து காற்று புறொப்பெல்லருக்குள் இழுபட்டால் அது தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைக் கடையும். எஞ்சின் அலறும், படகு போகாது, பிடி சும்மா கையில் லேசாகும். இதைத் தடுக்கத்தான் புறொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கிறது. அந்தத் தகடு படகின் அடிமட்டத்தோடு சரியாக, அல்லது அதற்கு ஒரு அங்குலம் வரை கீழே இருக்க வேண்டும். எஞ்சின்களின் கால் 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு வழமையான உயரங்களில் வருகிறது. படகின் பின்பலகை உயரம் அதோடு பொருந்தாவிட்டால் எத்தனை ஹோர்ஸ் வைத்தும் பயனில்லை. உயரமாக நின்றால் காற்றை இழுக்கும். தாழ்வாக நின்றால் இழுவை கூடும், வாவியில் மண்ணையும் உழும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

திருப்பலைச் சீராக்குகிற வேலையில் முக்கால்வாசிக்குக் காசு தேவையில்லை. நாங்கள் மாமாவோடு இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் கிரீஸ். எஞ்சின் இடமும் வலமும் திரும்புகிற முளையில் கிரீஸ் அடிக்க ஒரு சின்ன வாய் இருக்கும். உப்புத் தண்ணீரில் அது காய்ந்து இறுகினால் திருப்ப இரண்டு கை வேண்டும். அதற்குப் பக்கத்தில் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு திருகு. அதை ஒரேயடியாகத் தளர்த்தினால் எஞ்சின் தானாக ஆடும். ஒரேயடியாக இறுக்கினால் அவசரத்தில் திரும்பாது. ஒரு கையால் திருப்பக்கூடியதாகவும், கையை ஒரு கணம் எடுத்தால் நின்ற இடத்தில் நிற்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

அடுத்தது, தகட்டுக்குக் கீழே மீன் செட்டை மாதிரி தொங்குகிற ஒரு சின்ன உலோகத் துண்டு. பலர் அது துருப்பிடிக்காமல் இருக்க வைத்தது மட்டும் என்று நினைக்கிறார்கள். அந்த வேலையையும் அது செய்யும். ஆனால் ஒரு பக்கமாகவே சுற்றுகிற புறொப்பெல்லர் படகை ஒரு பக்கம் இழுக்கும். கடலில் இரண்டு மணித்தியாலம் பிடித்திருந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அதைச் சமன்செய்யத்தான் அந்தச் செட்டை. படகு இடப்பக்கம் இழுத்தால் செட்டையின் பின்முனையை இடப்பக்கம் கொஞ்சம் திருப்ப வேண்டும். வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம். கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். திருப்பி, ஓட்டி, மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எஞ்சினின் சரிவு. பின்பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஊசியும் சில துளைகளும் இருக்கும். ஊசியை எந்தத் துளையில் போடுகிறோமோ அதற்கேற்ப எஞ்சின் படகை நோக்கியோ வெளியேயோ சரியும். வெளியே கூடச் சரிந்தால் அணியம் தூக்கும், வேகத்தில் படகு தவளை மாதிரிக் குதிக்கும். உள்ளே கூடச் சரிந்தால் அணியம் தாழும், திருப்பினால் அணியமே படகை இழுத்துச் சுழற்றப் பார்க்கும். பாரம் பின்னுக்கு இருக்கிற நாளுக்கும் வெறும் படகு நாளுக்கும் ஒரே துளை பொருந்தாது. ஐஸ் பெட்டியை ஒரு முழம் முன்னே நகர்த்துவதே சில நேரம் புதுப் புறொப்பெல்லர் வாங்கின மாதிரி வேலை செய்யும்.

கடைசியாக அந்தச் சிவப்புக் கயிறு. எஞ்சினை நிறுத்துகிற சுவிட்சில் ஒரு முனையும் ஓட்டுபவரின் கையில் மறு முனையும் இருக்க வேண்டியது. ஆள் விழுந்தால் எஞ்சின் நிற்கும். எங்கட கரையில் பாதிப் படகுகளில் அது பிடியிலேயே சுற்றிக் கட்டிக் கிடக்கிறது. ஓட்டுபவர் விழுந்த படகு தானாக வளைந்து வட்டமடித்துத் திரும்பவும் அந்த இடத்துக்கே வரும். விழுந்த ஆளிடம் முதலில் வந்து சேர்வது புறொப்பெல்லர்தான்.

எந்த உலோகம், எத்தனை இதழ்

கடையில் பளபளக்கிற ஸ்டெயின்லெஸ் புறொப்பெல்லரைப் பார்த்தால் ஆசை வரும். அது வளையாது, இதழ் மெல்லிசு, வேகம் கூடும். ஆனால் மண் திட்டில் அடித்தால் அந்த அடி முழுக்க கியர் பெட்டிக்குப் போகும். அலுமினியம் வளையும், சிராயும், உடையும். உடைந்து கியரைக் காப்பாற்றும். குடத்துக்குள் இருக்கிற இறப்பரும் அதற்குத்தான். அது வழுக்கத் தொடங்கினால் எஞ்சின் சுற்றும், படகு நகராது. ஆழமில்லாத எங்கட வாவிக்கு அலுமினியமே சரி என்பது எங்கள் முடிவு. வளைந்த இதழைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிற பழக்கத்தில் மட்டும் கவனம். மூன்று இதழும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் எஞ்சின் நடுங்கும், அந்த நடுக்கம் தண்டையும் பேரிங்கையும் தின்னும்.

மூன்று இதழா நாலு இதழா என்றால், நாலு இதழ் வளைவிலும் நுரையிலும் தண்ணீரைக் கூடப் பிடிக்கும், கடையாலைத் தூக்கிக் கொடுக்கும், உச்ச வேகத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். விலையும் கூட. மாமாவுக்கு மூன்று போதும்.

மற்றது வலை. தடை செய்த தங்கூசி வலைத் துண்டுகள் இன்னமும் தண்ணீரில் மிதக்கின்றன. ஒரு துண்டு தண்டில் சுற்றினால் உருகி இறுகி சீலை வெட்டும், கியருக்குள் தண்ணீர் போகும். கியர் எண்ணெய் பால் மாதிரி வெள்ளையாக வந்தால் அதுதான் அறிகுறி. அதனால் படகில் ஒரு கத்தி, ஒரு சாவி, ஒரு ஊசி, முடிந்தால் ஒரு பழைய புறொப்பெல்லர் இருக்க வேண்டும்.

ஏன் இன்னும் ஹோர்ஸ் மட்டும்

ஹோர்ஸ் பவருக்கு எங்கட பக்கம் இவ்வளவு மரியாதை ஏன் என்று மாமாவிடம் கேட்டோம். "மனே, எங்களுக்கு அது இல்லாமத்தானே இரிந்திச்சு" என்றார். போர்க்காலத்தில் எத்தனை மணிக்குப் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம், எவ்வளவு பலமான எஞ்சின் வைக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு இருந்தது. வேகமான படகின் சத்தம் கேட்டால் கரையில் நிற்கிறவர்கள் கண்களை ஒருவரோடொருவர் சந்திக்காமல் வீட்டுக்குப் போன காலம் அது. அந்தக் கட்டுப்பாடு போன பிறகு 40 ஹோர்ஸ் என்பது எஞ்சின் மட்டுமில்லை. எங்களை யாரும் மறிக்க இல்லை என்பதற்கு ஒரு சாட்சி. அதைப் பட்டியலும் மீற்றரும் கொண்டுவந்து நாங்கள் சிரித்து ஒதுக்க முடியாது.

2004 சுனாமிக்குப் பிறகு படகும் எஞ்சினும் நிவாரணமாகக் குவிந்தன. தரமில்லாத படகுகள் வந்தன என்று அப்போதே பேசப்பட்டது. எஞ்சினைக் கொடுத்தவர்கள் அதை எந்த வேலைக்கு எந்தப் புறொப்பெல்லரோடு ஓட்டுவது என்று தமிழில் ஒரு தாள் கொடுத்ததாக நாங்கள் கேட்ட ஒருவருக்கும் நினைவில்லை. பெட்டியில் என்ன வந்ததோ அதுவே பூட்டுப்பட்டது. பாட்டனிடமிருந்து வந்த அறிவு அலையைப் பற்றியது, காற்றைப் பற்றியது, வாடையையும் கச்சானையும் பற்றியது. அதில் மாமாவை வெல்ல ஆளில்லை. எஞ்சினைப் பற்றிய அறிவு மட்டும் ஆங்கிலத்தில், பொலித்தீன் பைக்குள், அலமாரிக்கு மேல் இருந்தது.

வேகத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வாவிக்குள் எங்களுக்கு முன்னமே தோணிக்காரர் இருக்கிறார்கள். ஒரு ஆள் நின்று வீச்சுவலை எறிகிற சின்னத் தோணியை வேகப் படகின் அலை கவிழ்த்துவிடும். கரையில் சுனாமிக்குப் பிறகு கஷ்டப்பட்டு நட்ட கண்டல் கன்றுகளின் வேரை அந்த அலை அரிக்கும். அணியத்தைத் தூக்கிக்கொண்டு அரைகுறை வேகத்தில் முக்கிப் போகிற படகுதான் ஆகப் பெரிய அலையை எழுப்பும். தோணி கண்டால் முழுதாகக் குறைக்க வேண்டும். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கக் கூட்டிப் போகிற படகுகளுக்கும் இதுதான். எஞ்சினை நிறுத்தினால்தான் மீன் பாடும்.

இப்போது நிலைமை இது. மாமா 11 அங்குலப் புறொப்பெல்லரை நண்பரிடம் விலைக்கு வாங்கிவிட்டார். சங்கிலி மாமியின் கழுத்தில் இருக்கிறது. 40 ஹோர்ஸ் ஆசை போகவில்லை. "அடுத்த வருசம் பாப்பம்" என்கிறார். வாங்கட்டும். வாங்குகிற அன்றைக்கு எங்களையும் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் இதையெல்லாம் ஒரு பக்கத் தாளாகத் தமிழில் எழுதி, லேமினேட் பண்ணி, அந்தத் துறையில் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். அதில் ஐந்து கேள்விதான் இருக்கிறது. பாரத்தோடு முழு ஆக்சிலேட்டரில் எத்தனை சுற்று? தகடு படகின் அடிமட்டத்தோடு சரியா? ஒரு கையால் திருப்ப முடிகிறதா? பிடியை விட்டால் எந்தப் பக்கம் இழுக்கிறது? சிவப்புக் கயிறு உங்கள் கையில் இருக்கிறதா?

உங்கள் ஊரிலும் படகு இருக்கும். வாழைச்சேனையோ மன்னாரோ பருத்தித்துறையோ, கரைக்குக் கரை அலை வேறு, மண் வேறு, கேள்வியும் கொஞ்சம் மாறும். வீட்டு அலமாரிக்கு மேல் ஒரு கையேடு கிடந்தால் இறக்கி வாசித்துப் பாருங்கள். அதைத் தமிழாக்கி எங்களுக்கும் அனுப்புங்கள்.